என் பங்குகள் விற்பனைக்கு இல்லை

பரணிக்கு,

நீ கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் பிரித்ததும் நீ தேடப்போவது இந்த ஒரு வரியைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் மாமன் ரங்கு பேச்சை நம்பி, வில்லியனூர் ரோட்டில் ஒரு மனைக்கு என் பெயரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாய். மீதிப் பணத்துக்கு என் கம்பெனிப் பங்குகளை விற்றுக்கொள்ளலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவுகட்டிவிட்டீர்கள். பொங்கலுக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று போன வாரம் போனில் கத்தினாய். விற்க மாட்டேன் என்றேன். "உனக்கு வயசாயிடுச்சும்மா, சொன்னா புரியமாட்டேங்குது" என்று சொல்லி வைத்துவிட்டாய். பெங்களூரில் இருக்கிறவனுக்கு நான் மறுபடி போன் போட்டால் மறுபடியும் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது உன் மேஜையிலேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்து மீதியைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உன் போனுக்கு அடுத்த நாளே ரங்கு இங்கே முதலியார்பேட்டைக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். "இன்னாக்கா நீ, ஊரே வித்துட்டு ஓடுது, நீ மட்டும் கட்டிக்கினு ஒக்காந்திருக்க. அமெரிக்காவுல அவ்ளோ பெரிய பேங்கே முழுகிப் போச்சாம்." நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என் பங்குகள் போன தை மாசம் எவ்வளவு இருந்தன, இப்போது எவ்வளவு என்று கேட்டான். பாதிக்கும் கீழே போய்விட்டது என்று மறைக்காமல் சொன்னேன். "பாத்தியா! மிச்சம் இருக்கறதையாவது எடுத்து நிலத்துல போடுக்கா. நிலம் எங்கயும் ஓடிப்போவாது" என்றான். நிலம் ஓடாதுதான், ஆனால் அந்த மனைக்கு நீங்கள் ஒத்துக்கொண்ட விலைக்கு நான் அதை வாங்கினால் என் பணம் ஓடிப்போகும். பிரான்சில் குடியேறி லீவுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் யூரோவை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசிப் பேசி, கோரைப்புல் முளைக்கிற இடத்தையெல்லாம் தங்கமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மனையில் வருஷத்துக்கு என்ன வருமானம் வரும் என்று ரங்குவைக் கேட்டேன். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். "மனைல இன்னாக்கா வருமானம்? வெல ஏறும்." விலை ஏறும் என்பதைத் தவிர வாங்குவதற்கு வேறு காரணம் இல்லாத எதையும் நான் வாங்குவதில்லை, அது பங்கானாலும் சரி, மனையானாலும் சரி என்றேன். கோபித்துக்கொண்டு இட்லி சாப்பிடாமலே போனான்.

வயதாகிவிட்டது என்று சொன்னாயே, ஆமாம், ஆகிவிட்டது. இந்த வருஷம்தான் வரி அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஆனால் உனக்குப் பங்கு என்றால் என்னவென்று தெரியாத வயதிலிருந்து நான் அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே. அரசாங்க ஊழியர் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடிக்கடி வாங்குவதும் விற்பதுமாகச் சூதாடக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆபீசில் பாதிப்பேர் அந்த விதியைத் திட்டுவார்கள், மீதிப்பேர் மச்சான் பெயரில் வாங்கி விற்பார்கள். எனக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்திப்போனது. வாங்குவதற்கு முன்னால் நூறு தடவை யோசி, வாங்கிவிட்டால் சும்மா இரு என்று ஒரு சர்க்காரே நமக்குச் சொல்கிறது, அதைக் கேட்பதில் என்ன கஷ்டம்? இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், விதி என்னைக் கட்டாது. ஆனாலும் பழக்கத்தை விடுவதாக இல்லை.

சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது அந்த விதியால். வாங்கக் கற்றுக்கொண்டது ஃபேன் கம்பெனியால். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. ஊருக்கு வெளியே ஒரு மின்விசிறித் தொழிற்சாலை வந்தது. புதுச்சேரியில் புதிதாகத் தொழில் தொடங்கினால் இத்தனை வருஷத்துக்கு வரி கிடையாது என்று சலுகை இருந்த காலம் அது. எங்கெங்கிருந்தோ வந்து கம்பெனி போட்டார்கள். அந்த ஃபேன் கம்பெனி பங்கு வெளியிட்டபோது நம் தெருவே விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டது. எதற்கு வாங்குகிறோம் என்று யாருக்காவது தெரியுமா? "நம்ம ஊரு கம்பெனி" என்பதுதான் காரணம். உன் அப்பா மில்லில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வருவார், கேட்டில் லாரி நிற்கிறதா என்று பார்ப்பதற்காகவே. "இன்னைக்கு ஏழெட்டு லாரி நின்னுச்சுடி, லோடு ஏத்தி முடியல" என்பார், ஏதோ அந்த லாரியெல்லாம் இவருடையது மாதிரி. நானும் சேர்ந்து சிரித்தேன். அவருடைய போனஸ் பணம் முழுதும் அதில் போனது.

வருஷா வருஷம் கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் வரும். வழவழவென்று நல்ல தாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு கால் குட்டை, அதற்கு அடியில் வைக்கச் சரியான கனமாக இருந்தது. பிறகு வரிச் சலுகையின் காலம் முடிந்தது. முடிந்த கொஞ்ச நாளில் லாரி குறைந்தது, வேறொரு மாநிலத்தில் புதிதாகச் சலுகை கிடைக்கிறது என்று இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், போன இடத்திலும் உருப்படாமல் கம்பெனியையே மூடினார்கள். உன் அப்பா கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் மேஜையைத் தூக்கி அந்த அறிக்கைகளை உருவி எடுத்துப் படித்தேன். அத்தனையும் அதில் இருந்தது, பரணி. ஒளித்து வைக்கவே இல்லை. வரிச் சலுகையால் மிச்சமான தொகையைக் கழித்துவிட்டால் ஃபேன் விற்றதில் லாபமே கிடையாது. சர்க்கார் விட்டுக்கொடுத்ததைத்தான் எங்களுக்கு லாபம் என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான், என் வீட்டு மேஜைக்கு அடியிலேயே அது கிடந்தது. வயிறு எரிந்தது. பணம் போன எரிச்சலில் ஊரில் எல்லாரும் "ஷேரே சூது, இனி அந்தப் பக்கமே போகமாட்டோம்" என்று காதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. படித்திருந்தால் தப்பித்திருப்போம் என்றால், அது சூது இல்லையே. சீட்டாட்டத்தில் எதிராளி தன் கையைத் திறந்தா காட்டுகிறான்?

அன்றிலிருந்து நான் செய்வது இவ்வளவுதான், இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. என்ன விற்கிறார்கள் என்று எனக்குப் புரியாத கம்பெனியைத் தொடமாட்டேன். உன் அப்பாவின் சொந்தக்காரர்கள் பாகூர்ப் பக்கம் எந்த வீட்டில் போர் போட்டாலும் ஒரே கம்பெனி மோட்டாரைத்தான் இறக்குவார்கள், கேட்டால் "அது படுத்துக்காது" என்பார்கள். அந்தக் கம்பெனியின் அறிக்கைகளைப் பல வருஷத்துக்கு வரவழைத்துப் படித்தேன். கடன் எவ்வளவு, லாபம் என்று எழுதியிருப்பது நிஜமாகவே பணமாக உள்ளே வந்ததா அல்லது வெறும் வரவேண்டிய பாக்கியாக நிற்கிறதா, முதலாளி தன் வீட்டு ஆட்களுக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்றெல்லாம் பார்த்தேன். பிறகு, மொத்தக் கம்பெனியையும் ஒருவர் விலைக்குக் கேட்டால் என்ன கொடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் கணக்குப் போட்டேன். என் கணக்கும் தப்பாக இருக்கலாம் அல்லவா? அதனால் அந்த விலைக்கு நன்றாகக் கீழே வந்தால்தான் வாங்குவேன். வரவில்லை என்றால் காத்திருப்பேன். அந்த மோட்டார் கம்பெனிக்காக இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன். உன் அப்பா கேலி செய்வார். "பொண்ணு பாக்கக்கூட இத்தினி நாளு ஆவாதுடி" என்பார். வாங்கின பிறகு ஒருநாள், அந்தக் கம்பெனி லாபத்தில் பங்கு பிரித்துக் கொடுத்த டிவிடெண்டில் அவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். கேலியை விட்டுவிட்டார், கடிகாரத்தைக் கடைசிவரை விடவில்லை.

நான் விற்கவே மாட்டேன் என்று நீயும் உன் மாமனும் நினைக்கிறீர்கள். விற்றிருக்கிறேன். ஒரு பிஸ்கட் கம்பெனி, நல்ல கம்பெனி, விலை ஏறிக்கொண்டே இருந்தது. அதன் முதலாளிக்குத் திடீரென்று ஹோட்டல் கட்டும் ஆசை வந்துவிட்டது. பிஸ்கட்டில் வந்த காசையெல்லாம் கடனோடு சேர்த்துக் கடற்கரை ஓரமாகக் கொட்ட ஆரம்பித்தார். நான் பிஸ்கட்டுக்காக வாங்கினேன், ஹோட்டலுக்காக இல்லை. அடுத்த நாளே புரோக்கர் ஆபீசில் போய் எல்லாவற்றையும் விற்றேன். "ஏறிக்கினு இருக்கும்போது யாராவது விப்பாங்களாம்மா?" என்று அங்கே இருந்த பையன் தலையில் அடித்துக்கொண்டான். வாங்கிய காரணம் செத்துப்போனால் விற்பேன். விலை இறங்கியதற்காக விற்கமாட்டேன். இன்றைக்கு என்னிடம் இருக்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் பேங்க் முழுகியதால் பாகூரில் மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டதா? கடன் ஏறியதா? கணக்கில் கோளாறா? ஒன்றும் இல்லை. பயந்தவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களோடு சேர்ந்து நானும் தள்ள வேண்டும், தள்ளிய காசில் கோரைப்புல் வாங்க வேண்டும் என்று நீ சொல்கிறாய்.

போன தை மாசம் நீ என்ன சொன்னாய் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதே நீ, ஆபீசில் எல்லாரும் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியின் புதுப் பங்கு வெளியீட்டுக்குப் பணம் போடுகிறார்கள், நீயும் போடும்மா, கண்ணை மூடிக்கொண்டு போடு என்றாய். கண்ணை மூடிக்கொண்டு தூங்கத்தான் முடியும் என்றேன். "நீ இன்னும் அந்த பம்ப்செட்டுலயே இரு" என்று சிரித்தாய். அந்தப் பங்கு சந்தைக்கு வந்த அன்றே விலை இறங்கியது. நீ எவ்வளவு இழந்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்திருந்த நீ சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும். பிள்ளை நஷ்டப்பட்டதில் எனக்குச் சந்தோஷமா? மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஏறும்போது எல்லாரும் வாங்குகிறார்கள் என்று வாங்கியவனும் நீதான், இறங்கும்போது எல்லாரும் விற்கிறார்கள் என்று விற்கச் சொல்கிறவனும் நீதான். இதில் யாருக்கு வயதாகிவிட்டது என்று நீயே சொல்.

தையில் நடக்கப்போகிற உன் கல்யாணச் செலவுக்கு என்ன செய்வது என்று உனக்குக் கவலை வேண்டாம். உன் கல்யாணத்துக்கும், என் மருந்து மாத்திரைக்கும், வீட்டுக் கூரை ஒழுகினால் பூசுவதற்கும் நான் பங்கில் ஒரு பைசா போட்டதில்லை. அதெல்லாம் தபால் ஆபீசிலும் பேங்கிலும் தனியாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச வருஷத்துக்குள் எடுக்கவேண்டிய பணத்தைப் பங்கில் போடுகிறவர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் அழுதுகொண்டே விற்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பென்ஷன் வருகிறது, மேலே கூரை இருக்கிறது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நான் சம்பாதித்த ஒரே சொகுசு, எவன் மிரட்டினாலும் விற்கவேண்டிய அவசியம் இல்லாமல் இருப்பதுதான். அதை உன் அட்வான்சுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்கிறாய்.

பொண்ணு வீட்டாரிடம் நமக்கு மனை இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது, இப்போது இல்லை என்றால் மானம் போய்விடும் என்றாய் அல்லவா? போனில் நீ கடைசியாகச் சொன்னது அதுதான். எனக்கு அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால் நேற்று காலையில் ஆட்டோ பிடித்துக் கருவடிக்குப்பம் போனேன். ஆமாம், உன் மாமனாராகப் போகிறவர் வீட்டுக்குத்தான். உன்னிடம் கேட்காமல்தான் போனேன். நீ என்னைக் கேட்டுவிட்டா அட்வான்ஸ் கொடுத்தாய்?

சம்பந்தி வாசலிலேயே நின்று வரவேற்றார். உனக்கு நிச்சயித்த நித்யாவே குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். உட்கார்ந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன். "என் பேர்ல மனை ஒண்ணும் இல்லைங்க. பையன் அட்வான்ஸ் குடுத்திருக்கான், நான் வாங்கப்போறதில்ல. அத உங்ககிட்ட மறைச்சு கல்யாணம் பண்ண எனக்கு இஷ்டமில்ல."  இந்தக் கல்யாணம் நின்றுபோனால் நீ என் முகத்திலேயே முழிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் போனேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு நித்யாவைப் பார்த்தார். "மனையா? நாங்க எங்கம்மா மனை கேட்டோம்? மாப்பிள்ளையாதான் வந்து, அம்மா பேர்ல எடம் இருக்குதுன்னு சொன்னாரு. சரி, நல்ல விஷயம்னு கேட்டுக்கிட்டோம்." அவர்கள் கேட்கவே இல்லை, பரணி. யாரும் கேட்காத மனைக்கு நீ அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாய்.

அப்புறம் நித்யா மெதுவாக ஒன்று சொன்னாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை, தெரியாமல் கேட்டாள். "அத்தை, நீங்க ஷேர்லாம் அப்பவே விட்டுட்டீங்கன்னு அவரு சொன்னாரே? மாமா இருந்தப்ப ஏதோ கொஞ்சம் நஷ்டமாயி, அப்புறம் அந்தப் பக்கமே போறதில்லன்னு." எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பா போன பிறகு உன்னைப் படிக்கவைத்த காலேஜ் ஃபீஸ் எதிலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாதா? விலை நன்றாக இருந்தபோது விற்று, பல வருஷத்துக்கு முன்னாலேயே பேங்கில் ஒதுக்கி வைத்தேனே, அந்தப் பணம்தானே? குடிகார அப்பனை மறைக்கிற மாதிரி என் வேலையை நீ மறைத்திருக்கிறாய். ஷேர் வாங்குகிற அம்மா என்றால் பொண்ணு வீட்டில் சூதாடி என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்து, என்னை மனைக்காரியாக்கி நிறுத்தப் பார்த்தாய். விலை இறங்கியது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

"விடல" என்றேன் அவளிடம். "இருக்குது. இப்ப பாதிக்கும் கீழ எறங்கியிருக்குது. விக்கமாட்டேன்." சம்பந்தி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "பயமா இல்லியாம்மா உங்களுக்கு?" என்றார். பயமாகத்தான் இருக்கிறது, அதனால் டிவியைப் போடுவதே இல்லை, ஆனால் பயமாக இருந்தால் விற்றுவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய் ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு, "ஷேரெல்லாம் எனக்குப் புரியாதுங்க. இல்லாதத இல்லன்னு நேர்ல வந்து சொல்றீங்க பாருங்க, அது புரியுது. பத்திரிகை அடிக்கக் குடுத்துடுவோம்" என்றார். நித்யா என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, உன் கல்யாணம் நிற்கவில்லை. அட்வான்ஸ் போய்விட்டது. அதை உன் சம்பளத்திலிருந்து போனதாக வைத்துக்கொள், கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு நீ கட்டுகிற இரண்டாவது அபராதம் அது. ரங்குவிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவன் என் தம்பி, எத்தனை நாளைக்கு இட்லி சாப்பிடாமல் இருப்பான்? என் கணக்கு தப்பாகப் போகவும் வாய்ப்பு உண்டு. போனால் என் பணம், என் தப்பு, அதற்கும் நான் தலையைக் குனியமாட்டேன். சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பும்போது அந்த ஆட்டோவை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு புரோக்கர் ஆபீசுக்கு விடச் சொன்னேன். அங்கே ஈ காக்கா இல்லை. விற்க வந்தீர்களா என்று கேட்டார்கள். வாங்க வந்தேன் என்று சொல்லி, மோட்டார் கம்பெனியில் இன்னும் கொஞ்சம் வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

தை மாசம் மண்டபத்தில் நித்யாவின் சொந்தக்காரர்கள் யாராவது உன்னைக் கேட்பார்கள், "அம்மா ரிட்டயர் ஆயிட்டாங்களாமே, இப்ப இன்னா பண்றாங்க?" என்று. வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்று சொன்னாயோ, மேடையிலேயே உன் காதைத் திருகுவேன், மாப்பிள்ளைக் கோலம் என்றுகூடப் பார்க்கமாட்டேன். எங்கம்மா பங்கு வாங்குகிறார்கள் என்று சொல். விலை இப்படி இறங்கிக் கிடக்கும்போதா என்று அவர்கள் வாயைப் பிளந்தால், ஆமாம், இப்போதுதான் வாங்குகிறார்கள் என்று சொல். நாதஸ்வரச் சத்தத்தில் அவர்களுக்குக் காது கேட்காமல் போகலாம். சத்தமாகச் சொல்.

உன் அம்மா